பிறர் எடுத்த படம்



வத்தலக்குண்டிலிருந்து கோடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையில், கைப்பேசியால் ஒரு படமேனும் எடுக்காமல் செல்வோர் இந்நாளில் அரியர். அவ்வாறு எடுக்கப்படும் படங்களுள் சில, விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்திலும் இடம் பெறுகின்றன. 2003-ஆம் ஆண்டு முதல் தமிழிலும் வளர்ந்து வரும் அக்களஞ்சியத்தை ஆக்குவோர் ஊதியம் ஏதும் பெறாத பொதுமக்களே. அதற்கு வேண்டிய படங்களுள் பெரும்பாலானவை, 2004-இல் தொடங்கப்பெற்ற விக்கிமீடியா பொதுவகம் என்னும் சேமிப்பகத்தில் உள்ளன. 2011-2012-இல் தமிழ் விக்கிப்பீடியர் ஊடகப் போட்டி ஒன்றை நடத்தி, தமிழர் வாழ்வைக் காட்டும் படங்களை மக்களிடமிருந்து வேண்டிப் பெற்றதும் உண்டு.

நல்ல பணி, ஐயமில்லை. ஆயின் இப்படங்களை நாம் எவ்வாறு கையாளுகிறோம்? பங்குகளில் வெள்ளி விழா வருகிறது. விழா மலர் அச்சாகிறது. பழனி மலையின் காட்சியோ, பழைய ஆலயமொன்றின் தோற்றமோ வேண்டுமெனில், இளைஞர் ஒருவர் இணையத்தைத் திறந்து நொடிப்பொழுதில் எடுத்துத் தந்துவிடுகிறார். படத்தை எடுத்தவர் யார் என எவரும் கேட்பதில்லை. கேட்டாலோ, "இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது, சுவாமி" என்பதே விடை. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதை என்று நம் ஊர்ப் பெரியவர்கள் இதனைத்தான் சொல்வார்கள்.

இலவசமாகக் கிடைப்பது வேறு, உடையவர் இல்லாதது வேறு. பொதுவகத்தில் படத்தை அளிப்பவர்களுள் பலர் கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் உரிமத்தின் கீழ் அளிக்கின்றனர். 2002-இல் வெளியிடப்பெற்ற இவ்வுரிமங்களுள் பல வகை உண்டு. பொதுவகத்தில் மிகுதியாக வழங்கும் வகையின் பொருள் இதுவே: "என் படத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம். எனக்குக் காசு வேண்டா. ஆனால் என் பெயரைக் குறிப்பிடுங்கள். எந்த உரிமத்தின்படி அளித்தேன் என்பதைச் சொல்லுங்கள். படத்தை மாற்றினால் மாற்றியதைத் தெரிவியுங்கள். மாற்றிய படத்தை வெளியிடும்போது அதனையும் இவ்வாறே பிறர்க்கு வழங்குங்கள்." அவர் கேட்கும் விலை இவ்வளவே. அதனையும் கொடாது விட்டால், அனுமதியின் நிபந்தனையை மீறியவர் ஆகிறோம்.

நம் ஆலயங்களைச் சற்று நோக்குங்கள். நாற்காலி ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்தாலும் அதன் முதுகில் 'உபயம்' என்று பெயர் எழுதி வைக்கிறோம். குழல்விளக்கின் வெளிச்சத்தையே மறைக்கும் அளவிற்குப் பெயர் எழுதப்பட்ட இடங்களும் உண்டு! வெயிலில் நடந்து, விடியலுக்குக் காத்திருந்து, எடுத்த படத்தை உலகிற்கே உபயமாகக் கொடுத்தவருக்கு மட்டும் ஒரு வரி இடமில்லை என்பது நியாயமாகுமா?

நம் நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாயிருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒளிப்படத்தின் ஆசிரியர் அதனை எடுத்தவரே. படம் எடுத்த மாத்திரத்தில் உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்தல் கட்டாயமன்று. 2012-இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பின், ஒளிப்படத்திற்கும் அவ்வுரிமை எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த பின் 60 ஆண்டுகளும் நிலைக்கிறது. திருமணப் படம் போல ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படமாயின், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவரே. ஆயினும் அச்சட்டத்தின் 57-ஆம் பிரிவு மற்றொன்றையும் கூறுகிறது: உரிமை முழுவதையும் விற்றுவிட்ட பின்னரும், "இது நான் ஆக்கியது" என்று கூறும் உரிமை ஆசிரியரை விட்டு நீங்குவதில்லை. உடைமை கைமாறலாம்; பெயர் கைமாறாது.

ஆகவே ஒரு படத்திற்காக நாம் செலுத்த வேண்டிய கடன்கள் இரண்டு. அனுமதியின்றி எடுப்பது ஏழாம் கட்டளையைச் சார்ந்த குற்றம். எடுத்தவர் பெயரை மறைப்பதும், அவ்விடத்தில் நம் பெயரை இடுவதும் எட்டாம் கட்டளையைச் சார்ந்தவை. முன்னது களவு, பின்னது பொய்ச்சாட்சி. அனுமதி பெற்றுவிட்டதனால் மட்டும் இரண்டாம் கடன் தீர்ந்துவிடாது.

பெயரைக் குறிப்பிடுவது வெறும் மரியாதை அன்று. அது உண்மைக்குச் சான்று. 1898 மே மாதத்தில் இத்தாலியின் தூரின் நகரில், செகொந்தோ பியா என்னும் வழக்கறிஞர் அங்குள்ள திருத்துகிலை முதன்முதலாகப் படம் பிடித்தார். எதிர்மறைத் தகட்டில் அம்முகம் தெளிவாய்த் தோன்றியது. உலகம் வியந்தது, படத்தில் ஏதோ கைவேலை செய்துவிட்டார் என்று ஐயுற்றோரும் இருந்தனர். 1931-இல் ஜுசெப்பே என்ரியே என்பவர் மீண்டும் படமெடுத்தபோது அதே தோற்றம் வெளிப்பட்டது. முதியவராகிவிட்ட பியாவின் நேர்மையும் விளங்கிற்று. துகிலின் தொன்மையை ஆராய்வது இங்கு நம் நோக்கமன்று. எடுத்தவர் பெயர் வெளிப்படையாய் இருந்தமையால்தான் அவரை வினவ முடிந்தது. பழி வந்தபோது அது தீரவும் வழி பிறந்தது. அவர் 1941-இல் இறந்தார். அப்படத்தின் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. இன்று யாரும் தடையின்றி அச்சிடலாம். எனினும் பியாவின் பெயர் அப்படத்தோடு இன்றும் நிற்கிறது.

நம் மலையிலேயே மற்றொரு சான்று உண்டு. பழனி மலைத் தாவரங்களைப் பற்றி 1999-இல் பெருநூல் வெளியிட்ட சேசு சபைக் குரு கே. எம். மாத்யூ அவர்களையும் அவரைப் போன்ற அறிஞர்களையும் எண்ணிப் பாருங்கள். செடியை உலர்த்தித் தாளில் ஒட்டும் தாவர ஆய்வாளர், சேகரித்தவர் பெயர், இடம், நாள் ஆகியவற்றை அத்தாளிலேயே எழுதி வைப்பது மரபு. அக்குறிப்பு இல்லையேல் அது காய்ந்த சருகே. ஒளிப்படமும் அத்தகையதே. கொடைமலையில் 2006-இலும் 2018-இலும் நீலக்குறிஞ்சி பூத்தது. எவர், எங்கு, எப்போது எடுத்தார் என்ற குறிப்போடு கூடிய குறிஞ்சிப் படம் பின்வருவோர்க்கு ஆவணமாகும். குறிப்பற்றது வெறும் அலங்காரமே.

இனி, செய்ய வேண்டியவற்றைச் சொல்வோம். பொதுவகத்துப் படம் ஒவ்வொன்றிற்கும் விவரப் பக்கம் உண்டு. அதைத் திறந்து, எடுத்தவர் பெயரையும் உரிமத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்தவர் புனைபெயர் கொடுத்திருந்தால் அப்புனைபெயரையே இடுங்கள். "நன்றி: விக்கிப்பீடியா" என்று மட்டும் போடுவது போதாது, கொடுத்தவரை விட்டுக் கொட்டகைக்கு நன்றி சொல்வதை ஒக்கும். படத்தின் அடியில் எடுத்தவர் பெயர், 'விக்கிமீடியா பொதுவகம்', உரிமத்தின் பெயர், அதன் இணைய முகவரி ஆகியவற்றைச் சிற்றெழுத்தில் அச்சிட இரு வரி போதும். விக்கிப்பீடியாவில் காணும் படம் அனைத்தும் இவ்வாறு அளிக்கப்பட்டவை அல்ல என்பதையும் அறிக. திரைப்படச் சுவரொட்டி, நிறுவனச் சின்னம் போன்றவை சில, தனிக் காரணம் காட்டி அங்குச் சேர்க்கப்பட்டவை. அவற்றை அவ்வாறே எடுத்தாளலாகாது.

நீங்களும் படங்களை வழங்குங்கள். பொது இடத்திலுள்ள ஆலயக் கட்டடத்தைப் படமெடுத்து வெளியிட நம் சட்டம் இடம் தருகிறது. ஆயின் நீங்களே எடுத்ததை மட்டும் உங்கள் பெயரால் அளியுங்கள். பிறர் எடுத்த பழைய படத்தை வருடிக் கணினியில் ஏற்றிவிட்டதனால் அது உங்களுடையதாகிவிடாது.

இன்னும் ஓர் எச்சரிக்கை பெற்றோர்க்கு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் ஒருமுறை அளித்த அனுமதியைத் திரும்பப் பெற இயலாது. அப்படத்தை வாணிகரும் பயன்படுத்தலாம். புதுநன்மை வாங்கும் சிறுமியின் முகமும், அடக்கச் சடங்கில் அழும் தாயின் முகமும் நம் தாராளத்திற்கு உரிய பொருள்கள் அல்ல. படமெடுத்தவரின் அனுமதி ஒன்று. படத்தில் இருப்பவரின் சம்மதம் மற்றொன்று. அவர்தம் சம்மதமும், சிறாராயின் பெற்றோர் சம்மதமும் இன்றி ஏற்றாதீர்கள். ஐயமிருப்பின் ஏற்றாமல் விடுவதே பிறரன்பு.

அடுத்த விழா மலர் அச்சுக்குச் செல்லுமுன், ஒவ்வொரு படத்தின் மீதும் விரலை வைத்து, "இதனை எடுத்தவர் யார்? நமக்குத் தந்தாரா?" என்ற இரு வினாக்களைக் கேளுங்கள். இரண்டிற்கும் விடை தெரிந்த படங்கள் மட்டும் மலரில் இடம்பெறட்டும். மற்றவற்றின் இடம் வெற்றாக இருப்பினும் குறைவில்லை. அங்கு நம் பங்குப் பிள்ளை ஒருவன் எடுத்த எளிய படத்தை, அவன் பெயரோடு அச்சிடலாமே!