அது அப்படித்தான், சார்!

நம் நாட்டில் எந்தக் கோளாறுக்கும் ஒரு சர்வரோக நிவாரணி உண்டு. மூன்றே சொற்கள்: 'அது அப்படித்தான், சார்!' குழாயில் மண் வருகிறதா? அது அப்படித்தான். பஸ்ஸின் கூரை ஒழுகுகிறதா? அது அப்படித்தான். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைக்கிற சின்ன ஸ்பீக்கர்கள் விஷயத்திலும் இந்த வேதாந்தம் வந்து சேர்ந்துவிட்டது.

ஸ்பீக்கரை வாங்கி வந்து மேஜைமேல் வைத்து, ஒயரைச் செருகி, சுவிட்சைப் போடுகிறோம். பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை. அதற்குள் 'ங்ங்ங்' என்று ஒரு ரீங்காரம். பெட்டிக்குள் வண்டு ஏதாவது அகப்பட்டுக்கொண்டதோ என்று எண்ணத் தோன்றும். கடைக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு போனால், கடைக்காரர் அதைப் போட்டுக்கூடப் பார்ப்பதில்லை. நானூறு ரூபாய்ச் சாமான் அப்படித்தான் இருக்கும் என்கிறார். வாங்கியவரும் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வருகிறார். எனக்குக் கடைக்காரர்மேல் அவ்வளவு கோபம் இல்லை. அவர் வியாபாரி. தலையை ஆட்டுகிறாரே, அவர்மேல்தான் கோபம்.

நான் கேட்கிறேன்: மலிவான செருப்பு சீக்கிரம் தேயும் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். ஆணி குத்தத்தான் செய்யும் என்று சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? காசு குறைந்தால் சத்தம் குறையட்டும், கனம் குறையட்டும். கேட்காத சத்தத்தை எதற்காகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்?

'பாட்டுப் போட்டால் அது தெரியாமல் போய்விடும்' என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. இவர்கள் எந்தப் பாட்டைக் கேட்கிறார்களோ! ஆலாபனையில் வித்வான் ஒரு ஸ்வரத்தில் நின்று, மூச்சை அடக்கி, ஒரு கணம் சும்மா இருக்கிறார். ரசிகன் காத்திருப்பது அந்தக் கணத்துக்காக. அந்த இடத்தில் தம்பூரா கேட்க வேண்டும். நமக்கோ மின்சாரம் சுருதி போடுகிறது.

இதில் விதியின் விளையாட்டு எதுவும் இல்லை. வீட்டுக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக அலைகிறது. ஸ்பீக்கருக்குள் அதை ஒரே திசையில் ஓடும்படி மாற்றும்போது, வினாடிக்கு 100 மேடும் பள்ளமுமாக வருகிறது. அதைச் சமன் செய்வது கண்டன்சர் என்ற ஒரு சிறு சாமானின் வேலை. அதைச் சற்றே சின்னதாகப் போட்டு நாலு காசு மிச்சம் பிடித்தால், சமனாகாத மேடுபள்ளம் ஸ்பீக்கர் வழியே வெளியே வந்து கத்துகிறது. வண்டு என்று நினைத்தோமே, அது முதலாளியின் சிக்கனம்! நல்ல கண்டன்சரும் வருஷக்கணக்கில் சூட்டில் காய்ந்தால் வற்றிப்போகும் என்பது வேறு விஷயம். பழைய ஸ்பீக்கர் திடீரென்று இரையத் தொடங்கினால் அதை மாற்றிப் பார்க்கலாம்.

பாட்டு வரும் ஒயரின் கதையும் இதுதான். உள் கம்பியைச் சுற்றிச் செம்பு வலை நெருக்கமாகப் பின்னியிருந்தால் வெளிச்சத்தம் நுழையாது. மலிவு ஒயரை வெட்டிப் பார்த்தால் வலை இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து இழைகள் அநாதையாக ஓடுகின்றன. ஆனால் அட்டைப் பெட்டியில் மட்டும் வாட் கணக்கு நூறு, ஐந்நூறு என்று பறக்கும். சாதாரண யூ.எஸ்.பி. 2.0 துளை கொடுக்கக் கடமைப்பட்டது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர். அதாவது இரண்டரை வாட். அதிலிருந்து மட்டும் உயிர் வாழும் ஸ்பீக்கர் நூறு வாட்டை எங்கே கடன் வாங்குகிறது?

எல்லாப் பழியும் ஸ்பீக்கர்மேல் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். லாப்டாப் வைத்திருப்பவர்கள் சார்ஜரைப் பிடுங்கிப் பார்க்கட்டும். ரீங்காரம் நின்றுவிட்டால் ஸ்பீக்கர் நிரபராதி. மௌஸை நகர்த்தும்போதெல்லாம் 'கிறீச்' என்று கேட்டால், கம்ப்யூட்டரின் உள் இரைச்சல் யூ.எஸ்.பி. வழியாக ஸ்பீக்கருக்குப் போகிறது என்று சந்தேகிக்கலாம். மின்சாரத்தை மட்டும் ஒரு நல்ல செல்போன் சார்ஜரிலிருந்து கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். கம்ப்யூட்டரில் சத்தத்தை உயர்த்தி ஸ்பீக்கரில் குறைத்து வைப்பது காசில்லாத வைத்தியம்.

இவையெல்லாம் காதுக்கு வந்த உபத்திரவம். உயிருக்கு வருகிற உபத்திரவம் ஒன்று இருக்கிறது. அதற்காகவே பேனாவை எடுத்தேன்.

'ரீங்காரம் நிற்க வேண்டுமா? எர்த் பின்னை உடைத்துவிடுங்கள்' என்று ஒரு யோசனை ஊரெல்லாம் உலவுகிறது. மெக்கானிக் என்று பெயர் போட்டுக்கொண்டவர்களே இதைச் செய்து, கூலியும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். இதில் விபரீதம் என்னவென்றால், சில சமயம் ரீங்காரம் நிஜமாகவே நின்றுவிடுகிறது! கம்ப்யூட்டருக்கு ஒரு எர்த், பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு எர்த், நடுவில் பாட்டு ஒயர் என்று ஒரு வளையம் உண்டாகி, அதில் மின்சாரம் சுற்றினால் இரைச்சல் வரும். எர்த்தை அறுத்தால் வளையம் அறும். கூடவே, உள்ளே ஒரு கம்பி உரிந்து இரும்புப் பெட்டியைத் தொட்டால் அந்த 230 வோல்ட்டை மண்ணுக்குள் இறக்கிவிட இருந்த வழியும் அறும். பிறகு பெட்டியை முதலில் தொடுகிற குழந்தைதான் வழி. வளையத்தை அறுக்க நியாயமான சாமான் கடையில் கிடைக்கிறது: கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர். பாட்டு ஒயரின் நடுவில் செருக வேண்டும். உள்ளே குட்டி டிரான்ஸ்பார்மர்கள். பாட்டு காந்த வழியாகத் தாண்டும், கம்பித் தொடர்பு இருக்காது. சில நூறு ரூபாய்.

அந்த மூன்றாவது பின்னை ஒரு தரம் உற்றுப் பாருங்கள். மற்ற இரண்டையும்விட நீளம், பருமன். செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறது. அதை யோசித்தவன் பிள்ளைகுட்டிக்காரனாக இருந்திருக்க வேண்டும்.

பின் உடையாமல் இருந்தும் பயனில்லாத வீடுகள் எத்தனையோ! சுவரில் மூன்று துளை இருக்கும். மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயர் இருக்காது. அல்லது ஒயர் இருக்கும். அது மண்ணுக்குப் போகாது. இப்படிப்பட்ட வீட்டில் வெறுங்காலோடு நின்று லாப்டாப்பின் உலோகத்தைத் தடவினால் விரலில் விறுவிறு என்கிறது. சார்ஜரிலிருந்து கசியும் மிகச் சிறிய மின்சாரம் அது. சிலர் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்துப் பெருமையாகச் சொல்வார்கள்: 'கம்ப்யூட்டர் பெட்டிமேல் கையை வைத்தால் இரைச்சல் குறைகிறது, சார்!' குறையாமல் என்ன செய்யும்? வீட்டில் எர்த் இல்லை, அவர்தான் எர்த்!

வீட்டுக்காரர்கள் தரைக்கு மார்பிள் போடுகிறார்கள், வாசலுக்குத் தேக்குக் கதவு போடுகிறார்கள். தோட்டத்து மூலையில் குழி வெட்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் கொட்டி, கோடையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவதற்கு மட்டும் மனம் வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத செலவு அல்லவா! குடிவருகிறவரும் தண்ணீர் வருமா, வெயில் அடிக்குமா, ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று நூறு கேள்வி கேட்கிறார். எர்த் குழி எங்கே என்று கேட்டவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து வந்து ஒவ்வொரு துளையையும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் முகத்தைச் சுளிப்பார். சுளிக்கட்டும்.