மலையின் மனுக்கட்டு
நீலகிரியின் மசினகுடிக் கடைத்தெருவில் தேநீர் ஆறும்வரை பத்திரிகை புரட்டியபோது, பசுந்தேயிலைக்கு நியாய விலை கேட்டு டில்லிக்கு மீண்டும் ஒரு மனு போகிற செய்தி கண்ணில் பட்டது. 1962-இல் அக்கம்மா தேவி லோக்சபைக்குச் சென்ற காலந்தொட்டு இன்றைய ஆ. இராசா வரையில், இம்மலையின் பிரதிநிதிக்கு டில்லிப் பிரயாணமென்பது மனுக்கட்டோடு செய்யும் யாத்திரைதான் போலும். தேயிலையும், படுகரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் விவகாரமும் அக்கட்டின் மேலே இருப்பதில் எனக்கு ஆக்ஷேபமில்லை. ஆனால் மழைமறைவான இந்தச் சீகூர்ப் பீடபூமியில் தேயிலை ஏது? எதிரே, லாரிக்குச் சாணக்கூடை சுமந்துகொண்டிருந்த இருளர் மூதாட்டியிடம், 2023-இல் மத்திய சர்க்கார் மிக நலிந்த பழங்குடிகளுக்கெனத் தொடங்கிய ஜன்மன் திட்டத்தின் வீட்டைப் பற்றி, தமிழகத்தில் அதற்குரிய ஆறு குடிகளும் நீலகிரியில் வாழ்கின்றன என்னும் பெருமிதத்தோடு, விசாரித்தேன். அவளோ கூடையை இறக்காமலே, அந்த வீட்டை யானைத்தடத்தை விட்டுத் தள்ளிக் கட்டுவார்களா என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.