செவிவழிப் படிப்பு

எழுத்தைக் கண்ணெனப் போற்றுவது தமிழர் மரபு. ஆயினும், புறக்கண் இழந்தார்க்கு அவ்வெழுத்துக் கண்ணும் நெடுங்காலம் எட்டாததாகவே இருந்தது. பிரெஞ்சு நாட்டில் 1809-இல் பிறந்த லூயி பிரெயில் இளமையிலேயே பார்வை இழந்தவர். அவர் ஆறு புள்ளிகளைக் கொண்டு, தொட்டுப் படிக்கும் எழுத்துமுறையை 1824-இல் வகுத்தார். அவர் விரலுக்குப் படிப்பைத் தந்தார். இக்காலத்துத் திறன்பேசி செவிக்கும் அதனைத் தந்துள்ளது.

திறன்பேசியில் அமைந்துள்ள திரைவாசிப்பான் என்னும் மென்பொருளே இதனைச் செய்கிறது. ஐபோனில் அது வாய்ஸ்ஓவர் என்றும், ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்றும் வழங்குகிறது. இரண்டும் 2009-இல் அப்பேசிகளில் இடம்பெற்றன. அதனை இயக்கிவிட்டால், விரல் தொடும் இடத்தில் உள்ளதைப் பேசி ஒலித்துச் சொல்லும். விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்ததைப் படிக்கும். இருமுறை தட்டினால் திறக்கும். அருகிருப்போர் காணாதவாறு திரையை முற்றும் இருளாக்கிப் படிக்கவும் இயலும்.

இதனால் விளையும் பயன்களுள் தலையாயது தன்னுரிமை. பிறர் படித்துச் சொல்லக் கேட்பவர்க்கு மறைவான மடல் என்று ஒன்று இல்லை. வங்கி இருப்பும், மருத்துவர் குறிப்பும், நண்பர் கடிதமும் முதலில் மற்றொருவர் கண்ணில் பட்டபின்னரே அவர் செவியை அடையும். படித்துச் சொல்பவர் எத்துணை அன்புடையவராயினும், அவருடைய ஓய்வு நேரத்திற்குக் காத்திருத்தல் வேண்டும். திரைவாசிப்பான் இக்காத்திருப்பை நீக்குகிறது.

ஆயினும், எழுதுவோர் துணையின்றி இக்கருவி நிறைபயன் தருதல் அரிது. பெயரிடப்படாத பொத்தானைத் தொட்டால் அது "பொத்தான்" என்று மட்டுமே சொல்லும். அழுத்தினால் பணம் செல்லுமா, பக்கம் மூடுமா என்பதைக் கேட்பவர் எவ்வாறு அறிவார்? அறிவிப்பைத் தாளில் அச்சிட்டுப் படமாக எடுத்து அனுப்பினால், அது சொற்களாக இராது. படத்திலுள்ள எழுத்தை உணரும் முறைகள் இன்று உண்டெனினும், அவை பிழைபடுதலும் உண்டு. தமிழுக்கோ மற்றோர் இடரும் உளது. ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் அமைந்த தமிழ், கண்ணுக்குத் தமிழாகவே தோன்றும். கருவியோ அதனைப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக ஒலிக்கும்.

"சிலர்க்காக இத்துணை உழைப்பா?" என வினவுவார் உளர். ஒருங்குறியில் எழுதப்பட்ட அறிவிப்பைத் தேடி எடுத்தல் எளிது. முதியோர் அதனைப் பெரிதாக்கிப் படிக்கலாம். பார்வையற்றோர்க்கு உதவும் ஒழுங்கு பார்வையுடையார்க்கும் உதவுவதே. இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மின்னணு ஊடகங்களில் வருவன எல்லார்க்கும் எட்டும் வடிவில் அமைதல் வேண்டும் என்கிறது. எனினும், சட்டம் ஒவ்வொருவர் மேசையருகிலும் வந்து நிற்பதில்லை.

ஆதலின், பள்ளியின் அறிவிப்பை எழுதுவோரும், செயலியை அமைப்போரும், படத்தைப் பகிர்வோரும் இதனைத் தம் கடமையாகக் கொள்ளல் வேண்டும். படத்தின்கீழ் இரண்டு வரி விளக்கம் எழுதுதலும், பொத்தானுக்குப் பெயரிடுதலும் பெருஞ்செலவு வேண்டுவன அல்ல. பிறரும் படிப்பர் என்னும் நினைவு ஒன்றே அவற்றிற்குப் போதும்.