கணினி சொன்னால் மண் கேட்குமா?



"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பார்கள் பெரியவர்கள். இப்போது நம் பள்ளியில் கணினிச் சுரைக்காய் ஒன்று காய்த்திருக்கிறது!

நம் அமெச்சூர் ரேடியோ மன்றம் 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு செங்குத்து ஆன்டெனா நடப் போகிறது. உயரம் அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது பத்து மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கம்ப்யூட்டர் லேபில் மென்பொருளில் வரைந்து பார்த்தோம். "36 ஓம், இழப்பு பூஜ்யம்" என்று வந்தது. உடனே சிலர், "கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு, அப்புறம் எதுக்குடா மண்ணுல வயர் புதைக்கணும்? அந்தக் காசுல பெரிய டிரான்ஸ்மிட்டர் வாங்கலாம்" என்கிறார்கள். இது தவறு என்பது என் கருத்து.

ஏன் தெரியுமா? "தரை" என்று கேட்ட இடத்தில், குறையே இல்லாத தரை என்று நாமேதான் கொடுத்தோம். அப்படிப்பட்ட தரை உலகத்தில் எங்கும் கிடையாது. கடல்நீரின் மின்கடத்தும் திறன் மீட்டருக்குச் சுமார் 5 சீமென்ஸ். சராசரி மண்ணுக்கோ 0.005தான். ஆயிரம் மடங்கு வித்தியாசம்! ஆன்டெனாவில் ஏறும் மின்னோட்டம் தரை வழியாகத்தான் திரும்ப வேண்டும். வரும் வழியில் மண்ணைச் சூடாக்கியே பாதி சக்தி போய்விடலாம்.

ஒரு கணக்கு பாருங்கள். மண் இழப்பு 14 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 36ம் 14ம் 50. நம் கேபிளும் 50 ஓம். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1:1 காட்டும், நாம் கைதட்டுவோம். ஆனால் 100 வாட்டில் 72 வாட்தான் வானத்துக்குப் போகும். மீதி 28 வாட் மண்புழு குளிர்காய! பெரிய டிரான்ஸ்மிட்டர் வாங்கினால் மண்புழுவுக்குத்தான் இன்னும் கொண்டாட்டம்.

1937ல் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. கம்பெனியைச் சேர்ந்த பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் என்ற மூவர் இதைச் சோதித்தார்கள். சைக்கிள் சக்கரத்து ஆரக் கம்பிகள் போல, ஆன்டெனா அடியிலிருந்து சுற்றிலும் வயர் புதைத்தார்கள். 2, 15, 30, 60, 113 என்று கூட்டிக்கூட்டி அளந்தார்கள். வயர் கூடக்கூட சிக்னலும் கூடியது. அங்கே மீடியம் வேவ் நிலையங்கள் 120 வயர் புதைக்கும் வழக்கம் இப்படித்தான் வந்தது.

அப்படியானால் கம்ப்யூட்டரே வேண்டாமா? கண்டிப்பாக வேண்டும். எந்த உயரம் நல்லது, அலை எந்தக் கோணத்தில் கிளம்பும் என்று ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல துணை இல்லை. ஆனால் அதன் குறையும் நமக்குத் தெரிய வேண்டும். பழைய என்.ஈ.சி.-2 நிரலால் மண்ணுக்குள் புதைந்த வயரைக் கணக்கிட முடியாது, என்.ஈ.சி.-4 அதைச் செய்யும். அதற்கும் நம் மண்ணைப் பற்றி நாம்தான் சொல்ல வேண்டும். மழைக்கு முன் ஒரு மண், மழைக்குப் பின் வேறு மண் ஆயிற்றே!

என் யோசனை இதுதான். அந்தக் காசில் வயர் வாங்குவோம். நாலு நாலாகப் புதைத்து, ஒவ்வொரு முறையும் ஆன்டெனா அடியில் எத்தனை ஓம் என்று அளந்து எழுதுவோம். 50லிருந்து 36ஐ நோக்கி இறங்க இறங்க இழப்பு குறைகிறது என்று அர்த்தம். அப்போது எஸ்.டபிள்யூ.ஆர். 1.4 வரை ஏறும். பயப்படாதீர்கள், அது நல்ல செய்தி! அதற்கு மேல் இறங்காவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம்.

கணினியிடம் கேட்போம், மண்ணிடமும் கேட்போம். சனிக்கிழமை காலை மண்வெட்டியோடு மைதானத்துக்கு வாங்க!



– பதினோராம் வகுப்பு மாணவன்