சங்கு ஊதுவது வேடிக்கை பார்க்க அல்ல!

"ஊ...! ஊ...!"

வைகை அணையில் அபாயச் சங்கு ஊதுகிறது. மக்கள் என்ன செய்ய வேண்டும்? மேட்டுக்குப் போக வேண்டும். ஆனால் ஒரு கூட்டம் ஆற்றுக்கு ஓடுகிறது! கையில் செல்போன். இடுப்பில் குழந்தை. எதற்கு? வெள்ளத்தை வேடிக்கை பார்க்க!

விமானம் ஏறப் போகிறவர்களைப் பாருங்கள். 2 மணி நேரம் முன்னதாகவே போய்விடுகிறார்கள். பையைத் திறக்கச் சொன்னால் திறக்கிறார்கள். பெல்ட்டைக் கழற்றச் சொன்னால் கழற்றுகிறார்கள். ஏன்? உயிர் விஷயம்!

அணையின் சங்கும் உயிர் விஷயம்தான். அதில் மட்டும் ஏன் அலட்சியம்?

மூன்று எச்சரிக்கை

தேனி மாவட்டம் ஆண்டிப்பட்டிக்கு அருகே இருக்கிறது வைகை அணை. 1959-ம் ஆண்டு ஜனவரி 21-ந் தேதி முதல்-அமைச்சர் காமராஜர் திறந்து வைத்தார். இதில் 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம்.

பூங்காவைப் பார்க்க வருகிறவர்கள் ஏராளம். அணையில் நடக்கும் வேலையை யாரும் பார்ப்பதில்லை. நீர்மட்டம் எத்தனை அடி? வினாடிக்கு எத்தனை கன அடி தண்ணீர் வருகிறது? எத்தனை கன அடி போகிறது? இந்தக் கணக்கை எடுத்தபடியே இருக்க வேண்டும். மலையில் மழை கொட்டினால் ஊழியர்களுக்குத் தூக்கம் ஏது?

நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை. 68½ அடியில் இரண்டாவது எச்சரிக்கை. 69 அடியில் மூன்றாவது எச்சரிக்கை. பிறகு உபரித் தண்ணீர் ஆற்றில் திறக்கப்படும். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய 5 மாவட்டங்களுக்கும் தகவல் போகிறது.

"இன்னும் 2 அடி இருக்கிறதே! நிரம்பட்டுமே!" என்று சிலர் கேட்கலாம். இரவோடு இரவாகப் பெருவெள்ளம் வந்தால் அதைத் தாங்க இடம் வேண்டாமா? குஜராத்தில் 1979-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி என்ன நடந்தது? மச்சு ஆற்றின் இரண்டாவது அணைக்குள் எதிர்பாராத வெள்ளம் புகுந்தது. மண் கரைக்கு மேலே தண்ணீர் வழிந்தது. கரை உடைந்தது. மோர்வி நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. ஏராளமானவர்கள் மாண்டார்கள்.

மதுரையில் வெயில்!

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மழை பெய்வது வருசநாட்டு மலையில். வெள்ளம் வருவது மதுரைக்கு. அங்கே அப்போது வெயில் அடித்துக் கொண்டிருக்கலாம். மாடு ஆற்றில் மேயும். பெண்கள் துணி துவைப்பார்கள். பையன்கள் விளையாடுவார்கள். "மழையே இல்லை, வெள்ளம் எப்படி வரும்?" என்று நினைப்பார்கள். வெள்ளம் மேகத்தைப் பார்த்து வராது!

குறை மக்களிடம் மட்டும் இல்லை. அணையின் சங்கொலி மதுரைவரை கேட்குமா? கேட்காது. ஆற்றங்கரையில் உள்ள கடைசி ஊருக்கும், கடைசிக் குடிசைக்கும் தகவல் போக வேண்டும். செல்போனில் வரும் செய்தியைப் படிக்கத் தெரியாத பாட்டியும் இருப்பாள். அவளுக்குத் தண்டோராவும் ஒலிபெருக்கியும்தான் துணை.

ஒத்திகை தேவை

ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று விமான நிலையங்களில் ஒத்திகை நடத்துகிறார்கள். பெரிய அணைகளுக்கு அவசரகாலத் திட்டம் வேண்டும் என்று 2021-ம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அந்தத் திட்டம் காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது. ஐப்பசி மழைக்கு முன்னால், ஆண்டுக்கு ஒரு நாள், கரையோர ஊர்களில் ஒத்திகை நடத்த வேண்டும். சங்கு ஊதினால் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது, எந்தப் பாதையில் போவது என்பது குழந்தைக்கும் தெரிய வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது சிறிய காரியம்தான். சங்கு ஊதினால் ஆற்றை விட்டு விலக வேண்டும். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் அந்தப் பக்கமே போகக் கூடாது.

நாளைக்கும் ஆறு இருக்கும். வேடிக்கை பார்க்க நாமும் இருக்க வேண்டாமா?