கராஜ் கணக்கு - 6: 400 குதிரையும் அண்ணாச்சியின் 1,875 டாலரும்

போன பகுதியை "அடுத்த வாரம் டைனோ, 400 குதிரை, பாத்துக்கிட்டே இருங்க" என்று முடித்துவிட்டு ஓடிப்போனவன் நான்தான். அடுத்த வாரம் நாலு மாசமாகிவிட்டது. பரீட்சை, பனி என்று காரணம் சொல்லலாம். உண்மை என்னன்னா, வெட்கம்.

கதை தெரியாதவங்களுக்காகச் சுருக்கமாக. நானும் ரூம்மேட்டும் (திருநெல்வேலிக்காரர், எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி) சேர்ந்து இங்கே மிச்சிகனில் 1978 மாடல் செவர்லே சி10 பிக்கப் ஒன்று வாங்கினோம். உள்ளே 350 கன அங்குல வி8, அதாவது 5.7 லிட்டர். அவ்வளவு பெரிய எஞ்சினுக்குக் கம்பெனி சொன்ன பவர் 165 குதிரைதான். புகைக் கட்டுப்பாட்டுக்காகக் கம்ப்ரெஷனைக் குறைத்து, மூச்சுக்குழாயை நெரித்து விற்ற காலம் அது. வாங்கி ஆறு மாசத்தில் ஒரு பேரிங் சுழன்று கிராங்கைக் கடித்துத் துப்பிவிட்டது. கிராங்க் அவுட். எஞ்சினைத் திறந்தே ஆகணும்.

அங்கேதான் எனக்குள்ளே சாத்தான் புகுந்தது. "அண்ணாச்சி, எப்படியும் புது கிராங்க் வாங்கணும். 350 கிராங்க் வாங்கற காசோட இன்னும் கொஞ்சம் போட்டா ஸ்ட்ரோக்கர் கிராங்க். 383 ஆக்கிடலாம். 400 குதிரை வரும். மொத்தமே 1,800 டாலர், ஆளுக்கு 900."

அண்ணாச்சி கணக்கு மாணவர். எஞ்சின் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. என்னை நம்பினார். அதுதான் இந்தப் பகுதியில் இருக்கிற ஒரே சோகம்.

ஸ்ட்ரோக்கர் என்றால் பெரிய மந்திரமெல்லாம் இல்லை. 350 எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம் 3.48 அங்குலம். செவர்லே 1970-ல் கொண்டுவந்த 400 கன அங்குல எஞ்சினில் அது 3.75. அந்தக் காலத்துப் பசங்க காயலான் கடையில் 400 கிராங்க்கைப் பிடித்து, அதன் மெயின் ஜர்னலை 2.65 அங்குலத்திலிருந்து 2.45-க்கு லேத்தில் அரைத்து 350 பிளாக்குக்குள் நுழைத்தார்கள். சிலிண்டரை 4.00-லிருந்து 4.030-க்குப் போர் பண்ணினால் 383 கன அங்குலம் வந்துவிடும். இப்போது அரைக்கிற வேலைகூட வேண்டாம். 350 பிளாக்குக்கே செய்த வார்ப்பிரும்பு கிராங்க், கனெக்டிங் ராடு, பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் ஒரே பெட்டியில் வருகிறது. எங்களுக்கு அந்தப் பெட்டி 1,150 டாலர்.

இப்ப கணக்குக்கு வாங்க. 350-லிருந்து 383 என்றால் கொள்ளளவு ஒன்பதரை சதவீதம் கூடுகிறது. ஒன்பதரைதான். 165 குதிரையில் ஒன்பதரை சதவீதம் போட்டால் 181. 400 எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வியை மெக்கானிக்கல் படிக்கிற நான் கேட்கவில்லை. கோயமுத்தூரில் லேத் பட்டறை வைத்து முப்பது வருஷம் லாரி எஞ்சின் போர் பண்ணின எங்கப்பா போனில் கேட்டார். "ஏங்கண்ணு, வவுத்தைப் பெருசாக்கறே சரி. மூக்கு அதே மூக்குதானே? மூச்சு எப்படி வரும் சாமி?"

நான் சிரித்துவிட்டு, "அதெல்லாம் டார்க் வரும்பா" என்றேன்.

டார்க் வரும், அது பொய்யில்லை. குதிரைசக்தி என்பது டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 5,252-ஆல் வகுத்தால் வருவது (டார்க் பவுண்டு-அடியில்). ஸ்ட்ரோக் கூடினால் கீழே 2,000 ஆர்பிஎம்மில் டார்க் கூடும். ஆனால் மேலே போகப் போக பழைய ஹெட்டும் பழைய கேமும் காற்று விடாது, 3,800 தாண்டினால் எஞ்சின் மூச்சிரைக்கும். பெரிய எஞ்சின் அந்தக் குறுகின ஹெட்டில் இன்னும் சீக்கிரமாக மூச்சிரைக்கும் என்பதுதான் வேடிக்கை.

சரி, வேலை ஆரம்பித்தோம். பிளாக் கழுவி, போர் பண்ணி, ஹோன் போட 420 டாலர். கேஸ்கெட், ஆயில் பம்ப், சில்லறை சாமான் 310. நீள ஸ்ட்ரோக் சுற்றும்போது ராடு போல்ட் பிளாக்கின் அடி விளிம்பில் இடிக்கும், கிரைண்டர் வைத்துக் கொஞ்சம் அரைத்துவிட வேண்டும். கேம் லோபிலும் ராடு இடிக்கிறதா பார்க்கணும். ஒவ்வொரு சிலிண்டராக மெதுவாகக் கையால் சுற்றி, நடுவே நிமிர்த்தின பேப்பர் கிளிப் கம்பி தாராளமாக நுழைகிறதா என்று பார்த்தோம். ராத்திரி ஒரு மணிக்கு மைனஸ் பத்து குளிரில் அண்ணாச்சி டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார், பாவம்.

பிறகு நான் செய்த முட்டாள்தனம். பேலன்ஸ் பண்ண 260 டாலர் கேட்டார்கள். "பெட்டியில ஏற்கெனவே மேட்ச் பண்ணித்தானே வருது" என்று அதை மிச்சம் பிடித்தேன். 350 கிராங்க் தனக்குள்ளேயே பேலன்ஸ் ஆனது. நாங்கள் வாங்கினது 400 மாதிரி, வெளியே எடை வைத்துப் பேலன்ஸ் பண்ணுகிற வகை. அதற்கு முன்னால் எடை வைத்த டாம்பரும், பின்னால் எடை வைத்த ஃபிளெக்ஸ் பிளேட்டும் வேண்டும். நான் பழைய 350 சாமானையே மாட்டினேன். ஸ்டார்ட் ஆச்சு, கைதட்டினோம், 2,500 ஆர்பிஎம்மில் வண்டி மிக்சி மாதிரி ஆடியது. கண்ணாடி கழன்று விழுந்தது. எஞ்சினை மறுபடி வெளியே எடுத்து, சரியான டாம்பரும் பிளேட்டும் 190 டாலருக்கு வாங்கி, அந்த 260-ஐயும் கட்டினேன். அண்ணாச்சி ஒண்ணும் சொல்லவில்லை. "ஏல, பில்லை மட்டும் குடு, எழுதி வச்சிக்கிடுதேன்" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை போல இருந்தது.

முதல் டைனோ. சக்கரத்தில் அளக்கிற டைனோ. வண்டி வாங்கின புதிதில் இதே இடத்தில் 122 வந்திருந்தது. 165 எங்கே, 122 எங்கே என்று அண்ணாச்சி அன்றைக்கே கேட்டார். எஞ்சினில் இருப்பதில் கியர்பாக்ஸும் அச்சும் ஒரு பங்கு தின்றுவிடும், பழைய ஆட்டோமேட்டிக்கில் 20 சதவீதம்கூடப் போகும் என்று விளக்கினேன், எஞ்சின் வயசும் இருக்கு. இப்போது 383 ஆன பிறகு வந்த எண்: 149.

149!

அதில் பாதி புது ரிங் போட்டதற்கான கூலியாகவே இருக்கும். பழைய எண்களோடு ஒப்பிடும்போது இன்னொரு விஷயம் தெரிந்திருக்கணும். 1971 வரை அமெரிக்கக் கம்பெனிகள் எண்ணை ஊதிக் காட்டுகிற க்ராஸ் அளவில் சொன்னார்கள். ஏர் ஃபில்டர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் எதுவும் இல்லாமல் மேஜை மேல் ஓட்டி எடுத்தது. 1972-லிருந்து நெட் அளவு. கார்வெட்டின் எல்டி1 எஞ்சினுக்கு 1971-ல் 330 என்று போட்டது 1972-ல் 255 ஆனதற்கு அளவுகோல் மாறினதுதான் முக்கியக் காரணம். நான் கனவு கண்ட 400-ம் அந்த மேஜை எண் வகைதான். நல்ல அலுமினியம் ஹெட், பெரிய கேம் போட்டால் 383-இல் மேஜை மேல் 400 நிஜமாகவே வரும். ஆனால் அந்த ஹெட் ஜோடி விலை எங்கள் முழு பட்ஜெட்டை முழுங்கிவிடும்.

அன்று ராத்திரி அப்பா சொன்ன மூக்கு ஞாபகம் வந்தது. 1996-லிருந்து 2000 வரை செவர்லே டிரக்குகளில் வந்த வோர்டெக் ஹெட் என்று ஒன்று உண்டு. வார்ப்பிரும்புதான், ஆனால் காற்றுப் பாதை நல்ல வடிவம். காயலான் கடையில் ஒரு ஜோடி 200 டாலர். இது விரிசல் விடுவதற்குப் பேர் போனது, அதனால் சோதித்து, வால்வு வேலை முடிக்க 480. இன்டேக் போல்ட் ஓட்டைகள் பழைய ஹெட்டிலிருந்து மாறுபடும், ஆகவே தனி மேனிஃபோல்ட் 230. கேம், லிஃப்டர் 270. எக்ஸாஸ்ட் ஹெடர் 240. கேம் வாங்கும்போது லிஃப்ட் பார்த்து வாங்குங்க, இந்த ஹெட்டின் ஒரிஜினல் ஸ்பிரிங் சுமார் 0.450 அங்குலத்துக்கு மேல் தாங்காது. சேம்பர் 76-லிருந்து 64 சிசி ஆனதால் கம்ப்ரெஷனும் 8.7-லிருந்து 9.7-க்கு ஏறியது. சாதா பெட்ரோல் போதாது, ஒரு படி மேலே ஊற்றுகிறோம். ஓசியில் எதுவும் வராது.

இரண்டாவது டைனோ: சக்கரத்தில் 241 குதிரை, 310 டார்க். எஞ்சினில் எப்படியும் 300 இருக்கும். 400 இல்லை. ஆனால் 122-லிருந்து 241 என்றால் ஏறக்குறைய இரட்டிப்பு. அந்த 119 குதிரையில் 27 கீழ்ப்பாதியின் வேலை, 92 ஹெட்டும் கேமும் ஹெடரும் செய்த வேலை. செலவு 2,330-ம் 1,420-ம். கீழ்ப்பாதி நல்லா இருக்கிற பழைய வண்டி உங்ககிட்ட இருந்தா தொடாதீங்க, ஹெட்டையும் கேமையும் மட்டும் மாத்துங்க. எங்களை மாதிரி கிராங்க் போய்விட்டால் மட்டும் ஸ்ட்ரோக்கர். அப்போது அந்தக் கூடுதல் டார்க் கிட்டத்தட்ட சும்மா வருகிறது, அதை வேண்டாம்னு சொல்றதும் முட்டாள்தனம்.

மொத்தம் 3,750. ஆளுக்கு 1,875. டைனோ வாடகை என் தலையில். நான் சொன்ன 900-க்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்தை அண்ணாச்சி ஒரு நோட்டில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தார். "அண்ணாச்சி, மிச்சத்தை நான் தந்துடறேன், கோடை வேலை கிடைச்சதும்" என்றேன். ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை.

போன சனிக்கிழமை புதுசா வந்த பையனுக்கு மெத்தை, மேஜை, ரெண்டு மூட்டை பொன்னி அரிசி ஏற்றிக்கொண்டு வந்தோம். அண்ணாச்சிதான் ஓட்டினார். பாலத்து மேட்டில் 1,800 ஆர்பிஎம், கியர்கூட இறங்கவில்லை, சும்மா எருமை மாதிரி ஏறியது. "இழுக்குதுல்லா" என்றார். வேற ஒண்ணும் சொல்லலை. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஃபிரிட்ஜ் மேல் நோட்டைக் காணோம்.

மே மாசம் அவருக்கு டெக்ஸாஸில் வேலை. வண்டி யாருக்கு என்று இன்னும் ரெண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த பகுதி, கியர்பாக்ஸ் கசிவு. தேதி சொல்ல மாட்டேன் :-)