செனட்டர் லீஹியின் சட்டமும் வொஷிங்டனின் இரு அளவுகோல்களும்

வெளிநாட்டுப் படைகளுக்கு அமெரிக்கா வழங்கும் உதவி பற்றிய சர்ச்சை எழும் போதெல்லாம் 'லீஹி சட்டம்' என்ற பெயர் அடிபடுவதை நாம் காண்கிறோம். அச்சட்டத்திற்குப் பெயர் தந்தவர் பற்றிக் லீஹி. யாழ். மாவட்டத்தை விடச் சற்றே கூடிய சனத்தொகையைக் கொண்ட வேர்மண்ட் மாநிலத்திலிருந்து 1974 இல், தமது 34 ஆவது வயதில் தெரிவாகி, 2023 ஜனவரி வரை 48 வருடங்கள் செனட் சபையில் அங்கம் வகித்த ஜனநாயகக் கட்சிக்காரர். அவர் ஜனாதிபதியாகவோ இராஜாங்கச் செயலாளராகவோ இருந்ததில்லை. எனினும், அவர் கொண்டுவந்த ஒரு சில வரிகள் உலகின் பல தலைநகரங்களில் இராணுவத் தளபதிகளின் தூக்கத்தைக் கெடுத்திருக்கின்றன.

இதற்கான காரணத்தைத் தேடினால் அது பணப்பெட்டியின் திறப்பில் போய் முடியும். அமெரிக்க அரசியலமைப்பின்படி காங்கிரஸின் அனுமதியின்றி நிர்வாகத்தினால் ஒரு டொலரைக் கூடச் செலவிட முடியாது. 1975 ஏப்ரலில், சபைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்த லீஹி, வியட்நாம் போருக்கு மேலும் நிதி வழங்குவதற்கு எதிராக ஆயுத சேவைகள் குழுவில் வாக்களித்தார். பின்னர் வெளிநாட்டு உதவிக்கான நிதியை ஒதுக்கும் உபகுழுவில் பல்லாண்டு காலம், தமது கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தபோது தலைவராகவும் இல்லாதபோது மூத்த உறுப்பினராகவும் பணியாற்றினார். 1990 களில் போதைவஸ்து ஒழிப்பின் பெயரால் கொலம்பியப் படையினருக்குச் சென்ற உதவி அங்குள்ள பொதுமக்களுக்கு எதிராகவே திரும்பக்கூடும் என்ற அச்சத்தினால், 1997 நிதியாண்டுக்கான ஒதுக்கீட்டுச் சட்டத்தில் அவர் ஒரு நிபந்தனையைச் சேர்த்தார். பணம் வேண்டுமானால் நிபந்தனையையும் ஏற்க வேண்டும். வருடாந்தம் நீடிக்கப்பட்ட அந்நிபந்தனை அடுத்தடுத்த ஆண்டுகளில் ஏனைய இராணுவ உதவிகளுக்கும் விரிந்து, பின்னர் நிரந்தரச் சட்டமாயிற்று.

சட்டம் கூறுவது எளிமையானது. சட்டவிரோதக் கொலை, சித்திரவதை, காணாமற் போகச் செய்தல், பாலியல் வல்லுறவு போன்ற பாரதூரமான உரிமை மீறல்களில் ஒரு படைப்பிரிவு ஈடுபட்டதாக நம்பத்தகுந்த தகவல் இருப்பின் அப்பிரிவுக்கு உதவி கிடையாது. நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சம்பந்தப்பட்ட அரசாங்கம் பொறுப்பானவர்களை நீதியின் முன் நிறுத்தக் காத்திரமான நடவடிக்கை எடுத்தால் மாத்திரம் தடை நீங்கும். இந்த இறுதி வரியில்தான் எல்லாமே தங்கியுள்ளது என நாம் கருதுகிறோம்.

இலங்கைக்கு இது அந்நியமான விடயமன்று. 2007 டிசம்பரில் நிறைவேற்றப்பட்ட அமெரிக்க ஒதுக்கீட்டுச் சட்டம் இலங்கைக்கான இராணுவ உதவியை நேரடியாகவே மட்டுப்படுத்தியது. குற்றமிழைத்த படையினரை நீதியின் முன் நிறுத்துதல், மனிதாபிமானப் பணியாளர்களையும் ஊடகவியலாளர்களையும் அனுமதித்தல், ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்தின் களப் பிரசன்னத்திற்கு இணங்குதல் என்பன அதன் நிபந்தனைகளாகும். கடல், வான் கண்காணிப்புக்கான தொழில்நுட்பத்திற்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. தடையினால் யுத்தம் நிற்கவில்லை. சீனாவும் பாகிஸ்தானும் ஆயுதம் வழங்கின. வன்னியில் குண்டு பொழிந்த கிபிர் விமானங்களோ இஸ்ரேலியத் தயாரிப்புகள்.

காத்திரமான நடவடிக்கை என்ற அந்த உரைகல்லில் எமது வழக்குகளை உரசிப் பார்த்தால் கிடைப்பது என்ன? 2006 ஜனவரியில் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில் சந்தேகநபர்கள் 13 பேரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர். அதே 2006 ஓகஸ்டில் மூதூரில் பதினாறு தமிழரும் ஒரு முஸ்லிமுமாக 17 தொண்டுப் பணியாளர்கள் கொல்லப்பட்டமைக்கு இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. மிருசுவில் படுகொலையில் தண்டனை பெற்ற ஒரே இராணுவச் சிப்பாயும் 2020 மார்ச்சில் ஜனாதிபதியின் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். அவருக்கும், அன்றைய இராணுவத் தளபதி சவேந்திர சில்வாவுக்கும், முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொடவுக்கும் அமெரிக்கா விதித்த பயணத் தடைகள் வெளிநாட்டு உதவிக்கான அதே ஒதுக்கீட்டுச் சட்டத்தின் 7031(சி) பிரிவின் கீழ் வந்தவையே. நீதி என இதனை எவரும் அழைக்கப் போவதில்லை. ஆயினும், உள்நாட்டில் எந்த நீதிமன்றமும் சொல்லாத ஒன்றை அது பதிவு செய்திருக்கிறது.

ஆனால் இதே உரைகல் பலஸ்தீனத்தின் பக்கம் செல்லும்போது மழுங்கி விடுகிறது. இஸ்ரேல், எகிப்து ஆகிய நாடுகளின் படையினர் புரிந்ததாகக் கூறப்பட்ட சட்டவிரோதக் கொலைகளை விசாரிக்குமாறு 2016 இல் லீஹியும் காங்கிரஸ் உறுப்பினர்கள் பத்துப் பேரும் இராஜாங்கச் செயலாளர் ஜோன் கெரிக்கு எழுதியபோது, பிரதமர் நெதன்யாகு சீறி விழுந்தார். 2022 ஜனவரியில் மேற்குக்கரையில் இஸ்ரேலியப் படையினர் தடுத்து வைத்திருந்த 78 வயதான பலஸ்தீன அமெரிக்கர் ஒருவர் உயிரிழந்தார். எவர் மீதும் குற்றவியல் வழக்குத் தொடரப்படவில்லை. அப்படியிருந்தும், சம்பந்தப்பட்ட நெட்ஸா யெஹூதா படைப்பிரிவு தொடர்ந்து உதவி பெறலாம் என 2024 ஓகஸ்டில் வொஷிங்டன் தீர்மானித்தது. ஏனைய நாடுகளின் விடயத்தில் அதிகாரிகள் மட்டத்திலேயே முடிவாகும் விடயம், இஸ்ரேல் என்றதும் மேல்மட்ட ஒப்புதலுக்காகக் காத்துக் கிடக்கிறது. ஓய்வு பெற்றுவிட்ட லீஹியே 2024 மே மாதத்தில் 'வொஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையில் எழுதி, தமது சட்டம் இஸ்ரேலுக்கும் பிரயோகிக்கப்பட வேண்டுமென வலியுறுத்த நேர்ந்தது. ஒரு சட்டத்தை இயற்றியவரே அதனை மதிக்குமாறு கேட்டு நிற்பதை என்னவென்பது?

சட்டத்தை எழுதுவது பாதி வேலையே. அதன் பின்னால் ஆண்டு தோறும் கடிதம் எழுதி, அதிகாரிகளை அழைத்து வினவி, பணத்தைப் பிடித்து வைக்கும் ஒருவர் இருக்கும்வரை அதற்கு உயிர் இருக்கும். எமது பாராளுமன்றத்தில் பாதுகாப்பு அமைச்சுக்கான ஒதுக்கீடு வருடா வருடம் குழுநிலை விவாதத்திற்கு வந்து நிறைவேறுகிறது. ஒரு படைப்பிரிவின் நடத்தையோடு அதன் நிதியைப் பிணைக்கும் சட்டம் எதுவும் இங்கில்லை.

செனட்டில் இன்று லீஹியின் குரலை ஓரளவேனும் எடுத்துச் செல்பவர் மேரிலாந்து செனட்டர் கிறிஸ் வான் ஹொலன். 1972 முதல் 1976 வரை கொழும்பில் அமெரிக்கத் தூதுவராக இருந்தவரின் புதல்வர் இவர். அமெரிக்க ஆயுதம் பெறும் நாடுகளிடமிருந்து சர்வதேச சட்டத்தை மதிப்பதாக எழுத்துமூல உத்தரவாதம் கோரும் ஜனாதிபதி பைடனின் 2024 பெப்ரவரி உத்தரவு இவரது அழுத்தத்தினாலேயே வந்தது. ஓராண்டில், 2025 பெப்ரவரியில், ட்ரம்ப் நிர்வாகம் அதனை இரத்துச் செய்தது. ஜனாதிபதியின் உத்தரவை அடுத்து வரும் ஜனாதிபதி ஒரு கையெழுத்தில் அழித்துவிடலாம். லீஹி சட்டத்தை அவ்வாறு அழிக்க இயலாது. அதற்குக் காங்கிரஸின் வாக்கு வேண்டும். அதனாலேயே அதனை நீக்காமல், பிரயோகிக்காமல் விட்டுவிடும் வழி தெரிவு செய்யப்படுகிறது.